முதலில் போட்டது இன்னொரு முறை

நார்மன் க்ரௌதர் அந்தத் திங்கட்கிழமை பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி ஜீன் கடைக்குப் போன் செய்தார். நார்மன் மேலே குடோனில் இருந்தார்.

"பல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. காது. வலது காது சுத்தமா அடைச்சுக்கிச்சு, ஜூலைலேருந்து. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. நீ பேச்சோட பேச்சா கேட்டுப் பாரேன், லொரெய்ன்" என்றார். அடுத்த மூச்சில், வேண்டாம், கேட்காதே என்றார். அதற்கடுத்த மூச்சில், மால்கம் காதில் மட்டும் இது விழவே கூடாது என்றார்.

மால்கம் எங்கள் முதலாளி. ஹாலிஃபாக்ஸில் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் சரிவான சந்தில் கடை. உயர்ரக ஆடியோ சாமான்கள் மட்டும்தான் விற்போம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊர்ச் செய்தித்தாளில் கட்டம் கட்டி ஒரு விளம்பரம் வரும். நடுவில் ஒரு காதின் கோட்டுச் சித்திரம். கீழே, 'பத்தொன்பது வருடம், ஒரே ஜோடிக் காது'. அந்தக் காது நார்மனுடையது. போன வருடம் வரை 'பதினெட்டு வருடம்' என்று இருந்தது. ஜனவரி வந்தால் மால்கம் எண்ணை மட்டும் மாற்றுவார். நார்மனுக்கு வயது ஐம்பத்தேழு. முதுகும் போய்விட்டது. இந்தக் காதை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவர் வேலை என்னவென்று கேட்டால், பொருத்தம் பார்ப்பது. பணம் இருக்கிறவர்கள், இருப்பதிலேயே விலையுயர்ந்த சிடி பிளேயர் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஸ்பீக்கர் ஒரு ஜோடி என்று வாங்கிப் போய் வீட்டில் வைத்தால் சங்கீதம் தானாக வந்துவிடும் என்று நினைப்பார்கள். "மூணு பேரும் தனித்தனியா தங்கமான மனுஷங்க. ஒரே வீட்ல இருப்பாங்களான்னு பாக்கணும்ல" என்பார் நார்மன். அதைப் பார்க்கத்தான் கடையின் பின்பக்கம் கேட்கும் அறை.

அந்த அறையில் எப்போதும் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்கலாம். வாசிக்காமல் சும்மா நிற்கிற ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பும் மற்றதன் சத்தத்துக்கு நடுங்கும், நடுங்கினால் பாட்டைக் குழப்பும் என்பது அவர் கட்சி. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கு முன்னாலும் மற்ற ஸ்பீக்கர்களையெல்லாம் நடைவழிக்குத் தூக்கி வைப்பார், போனபிறகு திரும்பத் தூக்கி வருவார். தொலைபேசியையும் கழற்றி வெளியே வைப்பார். வாடிக்கையாளர் கையில் டிஜிட்டல் வாட்ச் இருந்தால் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டு மூடி என்னிடம் கொடுப்பார். நான் இயற்பியல் படித்தவள். நடுங்கும் கூம்பைப் பற்றி ஒரு முறை தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருக்கலாம், ஆனால் இருந்தாலும் மிகச் சொற்பம் என்று வந்தது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு ஸ்பீக்கரின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன்.

பிறகு மூன்று முறை போடுவார். வாடிக்கையாளர் கொண்டுவந்த சிடியில் ஒரே ஒரு நிமிடம். முதலில் ஒரு பிளேயர், அடுத்து இன்னொன்று, மூன்றாவதாக மறுபடியும் முதல் பிளேயர். எது நன்றாக இருக்கிறது என்று கேட்க மாட்டார். "மெட்டு கூடவே போக முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார். இரண்டு முறை கேட்டதும் பலர் எழுந்துவிடப் பார்ப்பார்கள். "உக்காருங்க. ரெண்டாவதா வர்றது எப்பவுமே நல்லாத்தான் இருக்கும், புதுசுல்ல? முதல்ல போட்டது இன்னொரு முறை" என்பார். வாசலருகே குட்டை ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். ஸ்பீக்கரையும் பார்க்க மாட்டார், ஆளின் முகத்தையும் பார்க்க மாட்டார். பார்வை வாடிக்கையாளரின் ஷூவிலேயே இருக்கும். மனிதர்கள் முகத்தை வைத்து ரசிப்பதாகக் காட்டிக்கொள்ளலாம், பாதத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதால்.

பதினைந்து வயதில் கூட்டுறவுக் கடையின் ரேடியோ பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்தவர். பிறகு டிவி வாடகைக்கு விடும் கடை. ஊரிலுள்ள குன்றுகளிலெல்லாம் டிவியைத் தோளில் வைத்து ஏறியிருக்கிறார், முதுகு அப்போது போனதுதான். வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். ஜீனின் சமையலறை ரேடியோ இருக்கிறது, கால்பந்து முடிவுகள் கேட்கும் என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை ரேடியோதான் இருந்தது. ஆறு நாள் ஊரார் பாட்டைக் கேட்டுவிட்டு வருகிற மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருப்பது நிசப்தம் என்று அப்போது புரிந்தது.

நான் அந்தக் கடைக்கு வந்தது தற்காலிகமாக. தற்காலிகம் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா பஸ் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஒயர் விற்கவா பட்டம் வாங்கினாய் என்று அம்மா கேட்டதில்லை, ஆனால் அந்தக் கேள்வி சாப்பாட்டு மேஜையில் உப்புப் பக்கத்திலேயே இருக்கும். என் சொந்தக் கவலை வேறு. கேட்கும் அறையில் இரண்டு பிளேயருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரும்பாலும் கேட்காது. எல்லோரும் தலையசைக்கும்போது நானும் அசைப்பேன். பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் எதற்காவது சிரித்தால் நான் ஒரு நொடி தாமதித்துச் சிரிப்பேனே, அதே போல.

ஹெர்பர்ட் ஹோல்ராய்ட் முதன்முதலாக வந்தது நார்மன் டாக்டரிடம் போனதற்கு முந்தைய சனிக்கிழமை. டாஃபி தொழிற்சாலையில் நாற்பத்தோரு வருடம் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஆகஸ்டில் ஓய்வு பெற்றவர். கோட்டைக் கழற்றும்போதே வெண்ணெயும் கருகிய சர்க்கரையும் மணந்தது. அவர் கிராமத்துப் பித்தளை வாத்தியக் குழுவில் முப்பது வருடம் ட்யூபா வாசித்திருக்கிறார், இருப்பதிலேயே பெரியது, அடித்தளத்துச் சுரங்களை மட்டும் பிடிக்கிற வாத்தியம். போன குளிர்காலத்தில் பற்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பொய்ப்பல்லை வைத்துக்கொண்டு ட்யூபா வாசிக்க முடியாது. குழு அதற்கு முந்தின வருடம் ஒரு சிடி பதிவு செய்திருந்தது. அவர் வாசித்ததற்கு மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.

"இருபத்தெட்டு பேரு வாசிச்சது தம்பி" என்றார் நார்மனிடம். "என் மகன் வீட்டு மெஷின்ல பத்து பேருதான் வந்திருக்காங்க. மீதிப் பேரு பஸ்ஸ விட்டுட்டாங்க போல. அதுல நானும் ஒருத்தன்."

நார்மன் நடுத்தர விலையில் ஒரு பிளேயரை எடுத்தார். அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயர ஸ்பீக்கர் ஒரு ஜோடி. போட்டார். ஹோல்ராய்ட் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து கேட்டார். வலது பாதம் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. ஓரிடத்தில் விரலைத் தூக்கி, "பாத்தியா, இங்க நான் மூச்சு எடுக்கறேன். எடுத்திருக்கக் கூடாது. பக்கத்துல நின்னவன் முறைச்சான்" என்றார்.

ஆனாலும் அன்று வாங்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் முதல் தடவையில் வாங்க மாட்டார்கள். அலமாரியின் மேல்தட்டில் மூவாயிரம் பவுண்டு பிளேயர் ஒன்று இருந்தது. அதைக் கையால் காட்டி, அது எப்படி என்று விசாரித்தார். நல்ல பொருள், ஆனால் இந்த ஜோடிக்கு அது தேவையில்லை, அறுநூறு பவுண்டு பிளேயரே போதும் என்றார் நார்மன். அடுத்த சனிக்கிழமை இன்னொரு முறை கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி ஹோல்ராய்ட் போனார்.

அந்தத் திங்கட்கிழமைதான் நார்மன் 'பல் டாக்டரிடம்' போனார். வெந்நீர்க் குழாய் கசிந்து கேட்கும் அறையின் கம்பளம் ஊறிப்போயிருந்ததால் புதுக் கம்பளம் போட அன்றுதான் ஆட்கள் வந்தார்கள். பழையதை இழுத்த இழுப்பில் ஸ்பீக்கர் ஒயர்களின் முனையிலிருந்த பிளக்குகள் பிய்ந்துவிட்டன. நார்மன் இருந்திருந்தால் என்னைத் தொட விட்டிருக்க மாட்டார். நான் உட்கார்ந்து புதிதாகப் பொருத்தினேன். ஒரு ஒயரில் இரண்டு இழைகள். ஒன்றின் மேல் மட்டும் நகத்தால் தடவினால் தெரிகிற மெல்லிய வரம்பு இருக்கும். அதற்குச் சிவப்பு பிளக், மற்றதற்குக் கறுப்பு. இடது பக்கத்தை முடித்தேன். வலது பக்கம் பாதியில் இருக்கும்போது மால்கம் மாடியிலிருந்து ஏதோ ரசீது எங்கே என்று கேட்டார். போய்த் தேடிக் கொடுத்துவிட்டு வந்து, சிவப்பைத் தப்பான இழையில் திருகிவிட்டேன்.

இப்படி மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் காற்றை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். கனமான சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மேலோட்டமான சுரங்கள் மட்டும் அறையில் அலையும். வெளியே நிறமெல்லாம் சரியாகத்தான் இருக்கும், சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. ஆம்ப்ளிஃபயரை மாற்றினாலும் ஸ்பீக்கரை மாற்றினாலும் தப்பு ஒயரோடு கூடவே வரும்.

இரண்டாவது சனிக்கிழமை ஹோல்ராய்ட் ஒரு பை டாஃபியோடு வந்தார். போன வாரம் கேட்ட அதே பிளேயர், அதே ஸ்பீக்கர், அதே நிமிடம். பாட்டு ஓடியது. பாதம் அசையவில்லை.

"நான் இல்லையே" என்றார்.

நார்மன் இன்னொரு முறை போட்டார். பிளேயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். ஸ்பீக்கர்களைச் சுவரோரமாக நகர்த்தினார், அடிச்சுரம் கொஞ்சம் கூடும் என்று. பிறகு ஸ்பீக்கரையே மாற்றினார், அதற்காக நடைவழியிலிருந்து ஒரு ஜோடியைத் தூக்கி வந்து பழைய ஜோடியை வெளியே வைத்தார். இரண்டு மணி நேரம். நான் தேநீர் கொண்டுபோனபோது வாசலில் நின்று கேட்டேன். எனக்கே சத்தம் மெலிந்து, தகரத்தில் தட்டுவது போல இருந்தது. நீ என்ன கண்டாய் என்று என்னையே அடக்கிக்கொண்டு தட்டை வைத்துவிட்டு வந்தேன். நார்மன் ஸ்டூலில் தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இடது காது முன்னால் வரும்படி. ஜீன் சொல்லியிருக்காவிட்டால் அதைக் கவனித்திருக்க மாட்டேன்.

கிளம்பும்போது ஹோல்ராய்ட்தான் அவரைத் தேற்றினார். "உன் மேல தப்பில்ல தம்பி. போன வாரம் நான் ஆசைல கேட்டிருக்கேன். இருக்கறதாட்டம் தோணியிருக்கு. நாலு ட்யூபா வாசிச்சோம். ஒருத்தனும் பதிவாகல போல." வாட்சைக் கட்டிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை கடைசியாக ஒரு தடவை வருவதாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். நார்மன் எல்லா ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தார். கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார்.

வியாழக்கிழமை ஒரு வாடிக்கையாளருக்காகக் கல்லாவில் அதே ஒயரைப் பத்து மீட்டர் அளந்து வெட்டினேன். நகம் அந்த வரம்பில் ஓடியபோது, வலது பக்கத்தைப் பாதியில் விட்டுப் போனது நினைவு வந்தது. நார்மன் சாப்பிடப் போயிருந்தார். கேட்கும் அறைக்குள் போய் முட்டி போட்டு, இரண்டு பக்கத்துப் பிளக்குகளையும் தடவிப் பார்த்தேன். இடதில் வரம்பு சிவப்புக்குள் போனது. வலதில் கறுப்புக்குள்.

அவர் திரும்பி வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு நானே எனக்கு ஒரு நியாயம் தயாரித்து வைத்திருந்தேன். வேறு யாரோ ஒருவரிடம் என்றால் 'ஒயரை மாற்றி மாட்டிவிட்டேன், மன்னியுங்கள்' என்று முடிந்துவிடும். நார்மனிடம் அதைச் சொன்னால், பத்து நாளாக அது உங்களுக்குக் கேட்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னதாகும். விளம்பரத்திலுள்ள அந்தக் காதைப் பார்த்துச் சொல்வதாகும். இப்படி அவர்மேல் இரக்கம் என்றே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி, என் தப்பு வெளியே வராமலிருக்கும் என்ற நிம்மதி. எந்தப் பாதி பெரியது என்று இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அரை மணி முன்னதாகவே வந்து, திருகாணியைக் கழற்றிச் சரியாக மாட்டினேன். கைகழுவினேன். கல்லாவில் போய் நின்றேன்.

அன்று மாலை மால்கம் இறங்கி வந்து, மேல்தட்டு பிளேயரை இரவு முழுக்க ஓடவிடும்படி நார்மனிடம் சொன்னார். சூடேறினால்தான் அதன் குணம் தெரியும். "அந்த மனுஷன் நாப்பத்தோரு வருஷம் அடுப்புக்கு முன்னால நின்னவரு. கடைசில ஒரு நல்ல சாமான் வாங்கட்டுமே" என்றார். அவர் மோசமானவர் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

மூன்றாவது சனிக்கிழமை. ஹோல்ராய்ட் உட்கார்ந்தார். வாட்ச் டின்னுக்குள் போனது. நார்மன் முதலில் மூவாயிரம் பவுண்டு பிளேயரைப் போட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

முதல் சுரத்திலேயே அறையின் தரை இறங்கி நின்றது போல இருந்தது. ஹோல்ராய்டின் பாதம் அடித்தது. பிறகு இரண்டு பாதங்களும். மூச்சு எடுக்கிற இடம் வந்தபோது அவரும் ஒரு மூச்சு எடுத்தார். நிமிடம் முடிந்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இதுதான். ஆசைல கேட்டது இல்ல. அங்கதான் இருந்திருக்கேன்" என்றார். கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் செக் புத்தகத்தை எடுத்தார்.

நேற்று காலை நான் திருகிய ஒரு திருகாணிக்கு இந்த மனிதர் மூவாயிரம் பவுண்டு தரப்போகிறார். வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிகிறது. திறந்தால் நார்மனுக்கு முன்னால், வாடிக்கையாளருக்கு முன்னால். மாடிப்படியில் மால்கமின் காலடிச் சத்தம் வேறு கேட்டது.

"உக்காருங்க மிஸ்டர் ஹோல்ராய்ட்" என்றார் நார்மன். "இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கு."

"எதுக்கு தம்பி? எனக்குக் கேட்டுடுச்சு."

"எனக்காக."

அறுநூறு பவுண்டு பிளேயரைப் போட்டார். அதே நிமிடம். பாதங்கள் நிற்கவில்லை. மூச்சு எடுக்கிற இடத்தில் ஹோல்ராய்டின் விரல் தானாக உயர்ந்தது. நார்மன் அந்த ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு நிமிடம் வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு நடைவழிக்கு வந்து, என்னையும் கண்ணால் அழைத்தார். தூக்கி வைத்த ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்றோம்.

"போன வாரம் இந்த பிளேயருக்கு அவர் கால் அசையல. இன்னிக்கு அதே பிளேயருக்கு நிக்கவே இல்ல. அப்ப பிளேயர் இல்ல" என்றார். "அந்த அறையில என்ன மாத்தின, கண்ணு?"

சொன்னேன். கம்பளம் போட்ட அன்று மாட்டியது, வியாழக்கிழமை கண்டுபிடித்தது, நேற்று காலை சரிசெய்தது எல்லாம். ஜீன் போன் செய்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏன் மறைத்தேன் என்பது புரியாது.

அவர் ஒரு ஸ்பீக்கரின் தலையில் கையை வைத்து நின்றார்.

"எனக்கும் மெலிசாத்தான் கேட்டுது" என்றார். "பத்து நாளா. என் காதுன்னு நினைச்சுட்டேன்."

"எனக்கும் கேட்டுது, நார்மன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"எனக்கு என்ன தெரியும்னு நினைச்சேன்."

அவர் மூக்கால் ஒரு சத்தம் செய்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது. "மூணு பேருக்கும் சரியாத்தான் கேட்டிருக்கு. மூணு பேரும் நம்பல" என்றார்.

போன வாரம் ஒயர் தளர்ந்திருந்தது, இன்று காலைதான் பார்த்தோம் என்று சொல்லிவிடலாம், காதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை என்று நான் மெதுவாகச் சொன்னேன். யாருக்கும் நஷ்டமில்லை, ஹோல்ராய்ட் அறுநூறு பவுண்டு பிளேயரை வாங்கிக்கொண்டு போகட்டும். நார்மன் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அலுத்துப்போன பார்வை.

"போன வாரம் அந்த மனுஷன் என்ன சொல்லிட்டுப் போனாரு? ஆசைல கேட்டேன்னு. அவரை அப்படி நினைக்க வெச்சது நானு. அதுக்கு ஒயர் தளர்ந்துச்சுன்னா சொல்றது?"

உள்ளே போனார். மால்கம் அதற்குள் இறங்கி வந்து, கையில் பில் புத்தகத்தோடு கதவருகே நின்றிருந்தார். நார்மன் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்து ஹோல்ராய்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பத்து நாளாக ஒயர் மாறியிருந்ததைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, 'எங்க கைத்தப்பு' என்றார். பிறகு சொன்னார்:

"போட்ட மறுநிமிஷம் நான் கண்டுபிடிச்சிருக்கணும். ஜூலைலேருந்து எனக்கு வலது காது கேக்கல. உங்களுக்குச் சரியாத்தான் கேட்டுது. எனக்குத்தான் தைரியம் இல்ல."

பில் புத்தகம் மால்கமின் கையில் அப்படியே இருந்தது. ஹோல்ராய்ட் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"முப்பது வருஷம் இந்தப் பக்கம் ட்ராம்போன்காரன் காதுலயே ஊதிட்டு நின்னான். இது போயி இருபது வருஷம் ஆச்சு. உனக்கு வலது, எனக்கு இடது. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு தேறும் தம்பி."

யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட. பிறகு அவரே கேட்டார், அப்போது எதைத்தான் வாங்குவது என்று. முதல் வாரம் சொன்னதைத்தான் நார்மன் திரும்பச் சொன்னார். ஹோல்ராய்ட் சரி என்று எழுந்திருக்கப் பார்த்தார். நார்மன் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, மேல்தட்டு பிளேயரில் அதே நிமிடத்தை மூன்றாவதாகப் போட்டார். முறை முடிய வேண்டுமே. மற்ற எல்லோரும் நின்றபடியே கேட்டோம். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டது, கொஞ்சம். மேல்தட்டு பிளேயர் நன்றாகத்தான் இருந்தது. ஹோல்ராய்டும் அதைச் சொன்னார். நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுலயும் நான் அதே தப்பான எடத்துலதான் மூச்சு எடுக்கறேன் என்றார். அறுநூறுக்குச் செக் எழுதினார்.

அவர் போனபிறகு மால்கம் நார்மனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஆஸ்பத்திரியில் சோதனை செய்துகொண்டாயா என்று. இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கோட்டுப் பையிலேயே இருக்கிறது என்றார் நார்மன். "செஞ்சுட்டு காகிதத்தக் கொண்டா. அதுக்கப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு மால்கம் மாடி ஏறினார். அடுத்த வெள்ளிக்கிழமை விளம்பரம் வந்தது. காதுச் சித்திரம் இல்லை. அந்தக் கட்டத்தில் கடை திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருந்தன. நார்மன் செய்தித்தாளைப் பிரித்தார், அந்தப் பக்கத்தைத் தாண்டிக் கால்பந்துப் பக்கத்துக்குப் போனார். கேட்கும் அறைக்கு இன்னும் அவர்தான் போகிறார். போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் ஒயர்களின் பிளக்கைத் தானே கழற்றிப் பார்த்து, தானே மாட்டினார். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தேன்.

நவம்பரில் ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது. ஜீனுக்குப் பள்ளிச் சமையலறை வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை, என்னைப் போகச் சொன்னார். தனியாகப் பஸ் ஏறினால் அந்த மனுஷன் பாதியில் இறங்கி வந்துவிடுவார் என்றார். அப்பா ஓட்டுகிற தடம்தான் அது. அப்பா நார்மனுக்கு டிக்கெட் கிழிக்காமல் தலையை ஆட்டினார். நார்மன் பிடிவாதமாகச் சில்லறையை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார், நான் அவருக்கு இடது பக்கமாக.

சோதனை அறை என்பது ஒரு பெட்டி. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது, ஒரு பக்கம் கண்ணாடி. நார்மன் உள்ளே போனதும் நின்று சுற்றிலும் பார்த்தார். அப்புறம் கையை ஒரு முறை தட்டிப் பார்த்தார், புது வீட்டுக்கு ஸ்பீக்கர் வைக்கப் போனால் செய்வது போல. அமைதியான அறை என்று சோதனை செய்யும் பெண்ணிடம் சொன்னார். அவள் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெலிதாக இருந்தாலும். நான் கண்ணாடிக்கு வெளியே அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் அழுத்தினால் அவள் முன்னாலிருந்த பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரியும்.

இடது காது முதலில். விளக்கு எரிந்தது, எரிந்தது, எரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாதம் தரையில் மட்டமாக இருந்தது. பிறகு அந்தப் பெண் ஒரு விசையை மாற்றி, இப்போது வலது என்றாள்.

அவள் ஒரு குமிழைத் திருப்பினாள், அழுத்தினாள். தாளில் ஒரு குறி போட்டாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். விளக்கு எரியவில்லை. இன்னும். அவருடைய கட்டைவிரல் பொத்தானின் மேல் தயாராக, அசையாமல் இருந்தது. ஒரு முறை எரிந்தது. பிறகு வெகுநேரம் இல்லை. என்ன சத்தம் போகிறது, போகிறதா இல்லையா என்று எனக்கும் வெளியே தெரியவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பேசுகிறவர்கள் போலக் கொஞ்சம் உரக்கப் பேசினார்.

"ஏம்மா, இடது பக்கம் முதல்ல போட்டீங்களே, அத இன்னொரு முறை போடறீங்களா?"

அந்தப் பெண் மைக்கின் பொத்தானை அழுத்தி, இதில் அப்படியெல்லாம் செய்வதில்லை, கேட்டால் மட்டும் அழுத்தினால் போதும் என்றாள். பக்கத்திலிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பிறகு அவள் விசையை இடதுக்கு மாற்றி, குமிழை ஆரம்பத்துக்குத் திருப்பினாள்.